ராக்கொக்கு, இதழ் 41

விலை நூற்றிருபது. போன இதழைவிட
இருபது ரூபாய் கூட, எட்டுப் பக்கம் குறைச்சல்.
ஜங்ஷனுக்கு எதிரே சேர்மக்கனி கடையில்
கயிற்றில் மடித்துத் தொங்கப்போட்டதால்
அட்டையில் நாயகன் மூக்குக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.
அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

இரவுப் பணி. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி,
எக்ஸ்ரே அறை, இரண்டாம் எண்.
பன்னிரண்டு மணிக்கு முதல் வாசிப்பு.

ஓவியம், புதுக் கை.
பழையவர் விலகிவிட்டாரென்று
கடைசிப் பக்கத்தில் நாலு வரி. காரணம் போடவில்லை.
பழையவர் மழையை
நாற்று நடுகிற மாதிரி கோடு கோடாக ஊன்றிவைப்பார்.
இவர் மழையை வரையவே இல்லை.
தார் ரோட்டில் விளக்குகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு
அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.
நான் நனைந்துவிட்டேன்.

ஆனால் விலா எலும்புகள்.
பதினோராம் பக்கத்தில் சட்டை கிழிகிறது.
இடப்பக்கம் மட்டும் எண்ணினேன்: பதினான்கு.
பன்னிரண்டுதான் எல்லோருக்கும்.
வருஷத்தில் யாரோ ஒருவர் பதின்மூன்றோடு வருவார்;
அவரும் பறந்து வந்ததில்லை,
பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் வந்தார்.
காறை எலும்பு இருக்கவேண்டிய இடத்தில்
பன் ரொட்டி மாதிரி தசை.
காறை இல்லாதவன் கையை உயர்த்துவது எப்படி?
இடிகிற பாலத்தைத் தாங்குவது எப்படி?

எழுத்து.
வில்லன் பேசுகிறான். அடி வாங்கிக்கொண்டே பேசுகிறான்.
பல் தெறிக்கிற கட்டத்தில் முப்பத்திரண்டு வார்த்தை.
தாடை உடைந்தவர்களை எனக்குத் தெரியும்.
"ம்" என்பார்கள்,
அதுவும் மறுநாள்.
ராக்கொக்கு பதிலுக்கு நீதியைப் பற்றி எடுத்துவிடுகிறான்;
வார்டு தேர்தல் மைக்கைப் பிடுங்கிக் கொடுத்தது போல.
இதற்கு நடுவே, ஒன்பதாம் பக்க மூலையில்,
குமிழி கூட இல்லாமல், சின்னதாக: "குவாக்."
நயினார்குளத்துக் கரையில்
கருக்கல் விழுந்ததும் கேட்கிற அதே தொண்டை.
எழுதியவர் எங்கேயோ ஒரு குளத்தங்கரையில்
கொசுக்கடியோடு நின்று கேட்டிருக்கிறார்.
ஒரு மதிப்பெண் கூட்டிக்கொண்டேன்.

ஒன்றே முக்காலுக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது.
பேட்டையில் சாரம் சரிந்து விழுந்த கொத்தனார்,
சொரிமுத்து, வயது நாற்பத்தாறு.
மூச்சைப் பிடிங்க என்றேன். பிடித்தார்.
விடுங்க என்று சொல்ல மறந்து திரையைப் பார்த்தேன்:
காறை இரண்டு துண்டு.

"அது என்ன பொஸ்தகம்?"

இருபதாம் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்ததைத்
தூக்கிக் காட்டினேன்.
ஏழாவது மாடிக் கைப்பிடிச் சுவரில்
ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறான் ராக்கொக்கு.
வலிக்கிற பக்கம் அசையாமல்
கண்ணை மட்டும் சாய்த்து, நெடுநேரம் பார்த்தார்.

"நாலரை இஞ்சுச் சுவரு. கம்பி கெடையாது.
இவன் குதிச்ச குதிக்கு
அப்பமே வெளிய தள்ளியிருக்கும்.
படம் போட்டவனுக்குக் கட்டடம் தெரியல பாத்துக்கிடுங்க."

அப்புறம்,
"ஆனா மொகத்தப் பாருங்க.
கீழ பாக்கான்லா. பயந்துல்லா பாக்கான்.
அதச் சரியாப் போட்டுருக்கான்."

நான் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
விளக்கடியில் பிடித்துப் பார்த்தால்
புருவத்துக்கு மேலே ஒரே கோடு,
நடுவில் பேனா நின்று யோசித்த ஒரு மைப்புள்ளி.
பக்கம் முழுக்க வேறு எழுத்தில்லை.
நாற்பது பக்கத்தில்
எழுத்தாளர் வாயை மூடிக்கொண்ட ஒரே இடம்.

எலும்பு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகையில்
கதவருகே நிறுத்தச் சொல்லிக் கேட்டார்:
"அந்தச் சுவரு நின்னுச்சா?"
அடுத்த இதழில்தான் தெரியும் என்றேன்.
"எப்பம் வரும்?"
ஆறு வாரம்.
"எனக்கும் அதத்தான் சொன்னாவ."

பழைய ஃபிலிம் உறையின் பின்பக்கத்தில்
எழுத்து: நாலு.
ஓவியம்: ஆறு. அதை அடித்துவிட்டு, ஆறரை.
ஏழு போடக் கை வரவில்லை.
பதினான்கு விலா.